மாதிரி விளையாட்டுக்குப் பகடை: ஸ்டிக்கரா, மரமா, லேசரா, பிரிண்டரா?

வீட்டில் பலகை விளையாட்டு உருவாக்குகிறவருக்குப் பலகை ஒரு பிரச்சினையே இல்லை. சார்ட் அட்டையில் வரைந்துவிடலாம். சீட்டுகளை அச்சடித்து வெட்டிக்கொள்ளலாம். காய்க்குச் சட்டைப் பொத்தானும் புளியங்கொட்டையும் போதும். பகடையில்தான் கை நின்றுவிடும். புள்ளி வைத்த சாதாரணப் பகடை எந்த ஃபேன்ஸி ஸ்டோரிலும் கிடைக்கும். மீனும் வலையும் புயலும் போட்ட பகடை கிடைக்காது. செய்து தரச் சொன்னால், "எத்தனை ஆயிரம் பீஸ்?" என்பதுதான் முதல் கேள்வியாக வரும்.

ஒப்பிட வசதியாக ஒரு மீன்பிடி விளையாட்டை எடுத்துக்கொள்வோம். ஒரு ஆட்டத்துக்கு 8 பகடை. ஒவ்வொன்றிலும் மீன் இரண்டு முகம், வலை இரண்டு, காற்று ஒன்று, புயல் ஒன்று. நண்பர்களிடம் கொடுத்து ஆடவைக்க 3 பெட்டி வேண்டும். ஆக 24 பகடை, 144 முகம்.

பலரும் இங்கே "ஒரு பகடை என்ன விலை?" என்று கணக்குப் போட ஆரம்பிப்பார்கள். கேட்க வேண்டியது வேறு: ஒரு முகத்தை மாற்ற என்ன செலவாகும்? ஏனென்றால் முகம் மாறும். மேலே சொன்ன 8 பகடையையும் ஒன்றாக உருட்டினால் ஒரு புயலாவது விழ 77 விழுக்காடு வாய்ப்பு இருக்கிறது. நாலு முறை உருட்டினால் மூன்று முறை புயல். ஆடுகிறவர்கள் படகையே எடுக்க மாட்டார்கள். புயலை 3 பகடையில் மட்டும் வைத்து, மற்ற ஐந்தில் அந்த முகத்தை வெறுமனே விட்டால் 42 விழுக்காடாக இறங்கும். இந்த ஒரு திருத்தத்துக்கு 3 பெட்டியிலும் சேர்த்து 15 முகங்கள் மாற வேண்டும். ஸ்டிக்கர் என்றால் 15 துண்டு. பொறித்த பகடை என்றால் 15 பகடையும் குப்பைக்கு. இப்படி ஐந்தாறு திருத்தமாவது வராமல் எந்த விளையாட்டும் உருப்பெறுவதில்லை.

காசே செலவில்லாத வழி ஒன்று உண்டு. சாதாரணப் பகடையை வைத்துக்கொண்டு, 1, 2 விழுந்தால் மீன், 3, 4 வலை, 5 காற்று, 6 புயல் என்று ஒரு சீட்டில் எழுதிப் பக்கத்தில் வைப்பது. புயல் வரும் மூன்றுக்குச் சிவப்புப் பகடை, மற்றதற்கு வெள்ளை. கணக்கு சரியா என்று நீங்களே தனியாக ஆடிப் பார்க்க இது போதும். பிறரிடம் கொடுக்கும்போது பெரிய தொல்லை. எட்டுப் பகடையையும் மனத்துக்குள் மொழிபெயர்த்து ஆடுகிறவர், "ஆட்டம் இழுக்குது" என்பார். இழுத்தது ஆட்டமா, சீட்டைப் பார்த்த நேரமா என்று உங்களுக்குத் தெரியாது. தவறான காரணத்துக்காக நல்ல விதியைத் தூக்கிவிடுவீர்கள்.

வெற்றுப் பகடையும் ஸ்டிக்கரும்

முதல் மாதங்களுக்கு இதைவிட நல்ல வழி இல்லை. வெற்றுப் பகடையில் இரண்டு வகை. ஒன்றில் முகம் தட்டையாக, மூலைகள் உருண்டு இருக்கும். இணையக் கடைகளில் 'பிளாங்க் டைஸ்' என்று தேடினால் இதுதான் கண்ணில் படும். இன்னொன்றில் ஒவ்வொரு முகத்திலும் ஆழமில்லாத சதுரப் பள்ளம் இருக்கும். 'இண்டென்டட் பிளாங்க் டைஸ்' என்று தேட வேண்டும். விலை கொஞ்சம் கூட. ஆனால் ஸ்டிக்கரின் ஓரம் பள்ளத்துக்குள் பதுங்கிக்கொள்வதால் விரலோ மேசையோ அதை உரசாது. கிடைத்தால் யோசிக்காமல் இரண்டாவதை வாங்குங்கள். 24 தேவை என்றால் 30 எடுங்கள். ஒன்றிரண்டு சோபாவுக்கு அடியில் போகும்.

16 மி.மீ. பகடையின் முகம் 16 மி.மீ. அகலம் இருக்காது. மூலை உருண்டிருப்பதால் உண்மையில் தட்டையான இடம் 11, 12 மி.மீ. தான். முகத்தின் மேல் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் லேசாகத் தேய்த்தால் தட்டையான பகுதி கருமையாகத் தெரியும். அதை அளந்து 1 மி.மீ. குறைத்துக்கொள்ளுங்கள். வளைவின் மேல் ஏறிய ஸ்டிக்கர் மறுநாளே கிளம்பும். தட்டை முகப் பகடைக்குச் சதுரத்தைவிட வட்ட ஸ்டிக்கர் நல்லது. கிளம்ப மூலையே இல்லை. பள்ளம் உள்ளதற்குச் சதுரம், பள்ளத்தைவிட அரை மி.மீ. சிறியதாக.

அச்சுக்கு டிஜிட்டல் பிரிண்ட் கடைக்குப் போய் 'வினைல் ஸ்டிக்கர், மேட் லேமினேஷன், ஹாஃப் கட்' என்று கேளுங்கள். ஹாஃப் கட் என்றால் ஸ்டிக்கர் மட்டும் வெட்டுப்படும், பின்தாள் முழுசாக இருக்கும். ஒவ்வொன்றாக உரித்து ஒட்டலாம். 12 × 18 இன்ச் ஷீட்டில் சுற்றிலும் 10 மி.மீ. விட்டு, மையத்துக்கு மையம் 15 மி.மீ. இடைவெளியில் அடுக்கினால் 18 × 29, அதாவது 522 ஸ்டிக்கர்; 87 பகடைக்குக் காணும். உங்களுக்கு வேண்டியது 144 தான். மிச்ச இடத்தை வெள்ளையாக விடாதீர்கள். ஒவ்வொரு சின்னத்திலும் உபரி, நீங்கள் யோசித்துக்கொண்டிருக்கும் புதுச் சின்னங்கள் இரண்டு மூன்று, வெறும் நிற வட்டங்கள் சில என்று நிரப்புங்கள். அடுத்த திருத்தத்துக்குக் கடை ஏற வேண்டியிருக்காது.

கோப்பில் படமும் வெட்டுக்கோடும் தனித்தனி அடுக்கில் இருக்க வேண்டும். படத்தின் பின்னணி நிறம் வெட்டுக்கோட்டைத் தாண்டி 1 மி.மீ. வெளியே போகட்டும், கத்தி சற்று விலகினாலும் வெள்ளை ஓரம் தெரியாது. தமிழ் எழுத்து வைத்திருந்தால் அதை 'கன்வர்ட் டு கர்வ்ஸ்' செய்து, அதாவது எழுத்தை வெறும் வடிவமாக மாற்றிய பிறகே கொடுங்கள். இல்லாவிட்டால் உங்கள் எழுத்துரு கடைக் கணினியில் இல்லாமல், 'கொ' என்பதன் கொம்பு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமுமாகப் பிரிந்து வரும். கல்யாணப் பத்திரிகை அடித்தவர்களுக்கு இந்த வலி தெரியும்.

ஒட்டுவதற்கு முன் பகடையைச் சோப்பு நீரில் கழுவி நன்றாகக் காயவைக்க வேண்டும். தொழிற்சாலை எண்ணெயும் கைப்பிசுக்கும் இருந்தால் பசை பிடிக்காது. சிறு இடுக்கியால் எடுத்து வைத்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்துங்கள். ஒரு நாள் விட்டுவிட்டு உருட்டுங்கள். இங்க்ஜெட்டில் அடித்த காகித ஸ்டிக்கர் வேண்டாம். வேர்த்த கை பட்டால் மை கலங்கும்.

முகம் மாற்றும்போது பழையதன் மேல் புதியதை ஒட்டும் சோம்பல் எல்லோருக்கும் வரும். ஒரு முறை பரவாயில்லை. மூன்றாவது அடுக்கில் பள்ளம் நிரம்பி, ஓரம் வெளியே வந்து, கிளம்பத் தொடங்கும். ஹேர் டிரையரால் சிறிது நேரம் சூடு காட்டினால் பழையது எளிதாக உரியும். ஒட்டியிருக்கும் பசைக்குத் தேங்காய் எண்ணெய் தடவி ஐந்து நிமிடம் ஊறவைத்து, துடைத்து, சோப்பால் கழுவினால் போதும். தின்னரோ நெயில் பாலிஷ் ரிமூவரோ தொடக் கூடாது. பிளாஸ்டிக் மங்கும், அக்ரிலிக் என்றால் நுண்விரிசல் விடும்.

வெற்றுப் பகடையில் பெர்மனன்ட் மார்க்கரால் நேராக வரைவது ஸ்டிக்கரைவிடவும் மலிவு. ஒரு மாலை ஆட்டத்துக்குத் தாங்கும். சானிடைசர் போட்ட கை ஒன்று வந்தால் மீன் கரைந்துவிடும். அதைக் காப்பாற்ற நிறமில்லாத நெயில் பாலிஷ் பூசுகிறவர்கள் உண்டு. அதிலிருக்கும் கரைப்பான் மையையும் இழுக்கும், பிளாஸ்டிக்கையும் அரிக்கும். தண்ணீரில் கரையும் (வாட்டர் பேஸ்டு) வார்னிஷ் மெல்லிசாக ஒரு கை பூசினால் நிற்கும்.

மரக்கட்டை

கைவினைப் பொருள் கடைகளில் 15, 18, 20 மி.மீ. மரக் கனசதுரங்கள் பாக்கெட்டாகக் கிடைக்கின்றன. அல்லது தச்சரிடம் 18 மி.மீ. சதுர ரீப்பர் (நீண்ட மரச்சட்டம்) ஒரு மீட்டர் கொடுத்து வெட்டச் சொல்லலாம். வாள் 3 மி.மீ. தின்னும் என்று வைத்தால் 47 துண்டு வரும். செலவு மிகக் குறைவு, கைக்கும் கண்ணுக்கும் இதம், சத்தமும் நன்றாக இருக்கும்.

சிக்கல் நீளத்தில். ரீப்பரின் அகலமும் உயரமும் இழைப்பில் ஒன்றாக வந்திருக்கும். நீளம் மட்டும் ஒவ்வொரு வெட்டுக்கும் தனி. 18 × 18 × 18.7 என்று வந்துவிட்டால் வெட்டுப்பட்ட இரண்டு முகங்களும் குறைவாக விழும், பக்கவாட்டு நான்கும் கூடுதலாக விழும். ஒவ்வொன்றுக்கும் பென்சில் குறி போட்டு வெட்டாமல், வாளுக்குப் பக்கத்தில் ஒரு தடுப்புக் கட்டையை நிறுத்தி அதில் ரீப்பரை முட்டவைத்து வெட்டச் சொல்லுங்கள். பிறகு அளவுகோலுக்குப் பதில் வெர்னியர் காலிப்பரால் மூன்று திசையிலும் அளந்து, 0.2 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் உள்ளதை ஒதுக்கிவிடுங்கள். ஒதுக்கியவை ஆட்டக் காய்களாகும்.

இரண்டாவது சிக்கல், வெட்டுமுகத்தில் மரத்தின் நார்கள் வாய் திறந்து நிற்பதால் மை தாளில் விழுந்த எண்ணெய் போலப் பரவும். 220 உப்புத்தாளில் தேய்த்து, 400-இல் முடித்து, ஃபெவிகாலைச் சம அளவு தண்ணீரில் கரைத்து ஒரு பூச்சு கொடுங்கள். காய்ந்தபின் வரைந்தால் கோடு கோடாகவே நிற்கும். மேலே வார்னிஷ் ஸ்ப்ரே அடிப்பதானால் முதல் பூச்சு பனி படிவது போல இருக்கட்டும். ஒரேயடியாக நனைத்தால் மார்க்கர் ஓடும்.

ஒரே சின்னம் இரண்டு முகத்தில் வரும்போது அவற்றை எங்கே வைப்பது என்பதைப் பகடையின் குறை எது என்று பார்த்து முடிவு செய்ய வேண்டும். கையால் வெட்டிய மரத்தில் குறை நீளத்தில் இருக்கும். ஆகவே இரண்டு மீனையும் அடுத்தடுத்த முகங்களில் வையுங்கள், எதிரெதிரே வைத்தால் இரண்டும் சேர்ந்து அடிபடும். வார்த்த பிளாஸ்டிக்கிலும் முப்பரிமாணப் பிரிண்டரில் அச்சிட்ட பகடையிலும் உள்ளே காற்றுக்குமிழி தங்கி எடை ஒரு பக்கம் சாய்வதுதான் குறை. அங்கே எதிரெதிரே வைத்தால் ஒன்று இழப்பதை மற்றது ஈடுகட்டும்.

ஆறு முகம் வேண்டுமா என்ன?

நீளம் கூடினால் வெட்டுமுகம் விழாது என்ற அதே குறையை நம் ஊரில் எப்போதோ கருவியாக்கிவிட்டார்கள்: தாயக்கட்டை. நீண்ட நாலுபட்டைக் கட்டை. முனைகளில் நிற்கவே நிற்காது. நான்கு பக்கமும் சமமாக இருந்தால் ஒவ்வொன்றும் நாலில் ஒரு பங்கு விழும். உங்கள் விளையாட்டில் நான்கு விளைவு போதும் என்றால் செய்வதற்கு இதைவிட எளிதான பகடை கிடையாது. 10 மி.மீ. சதுர ரீப்பரையோ அலுமினியச் சதுரக் கம்பியையோ 45 மி.மீ. நீளத்துக்கு வெட்டி, முனையை உருட்டித் தேய்த்தால் முடிந்தது. நீளம் சற்றுக் கூடக் குறைய இருந்தாலும் நியாயம் கெடாது. ஒன்றுக்கு நாலு முகம்தான் குறிக்க வேண்டும் என்பதால் 24 கட்டைக்கு 144 வேலை 96 ஆகிறது.

இரண்டு கட்டையில் 0, 1, 2, 3 வைத்து ஆடும் தாயத்தில், 16 சேர்க்கையில் தாயம் (ஒன்று) இரண்டு முறை வரும், ஐந்து இரண்டு முறை, ஆறு ஒரு முறை, பன்னிரண்டு ஒரு முறை. காயை இறக்கத் தாயத்துக்குக் காத்திருக்கும் பதற்றம் அந்த எட்டில் ஒரு பங்கிலிருந்துதான் பிறக்கிறது. வாய்ப்பை இப்படி வளைக்க ஆறு முகப் பகடையை மட்டும் நம்பியிருக்க வேண்டியதில்லை. ஒரு பக்கம் தேய்த்து வெளுத்த புளியங்கொட்டையும் சோழியும் இன்னும் மலிவுதான், ஆனால் அவை இரண்டு பக்கமும் சரிபாதி விழும் என்று வைத்துக் கணக்குப் போடக் கூடாது. நூறு முறை போட்டு எண்ணிவிட்டு விதியை எழுதுங்கள்.

முப்பரிமாண அச்சு

வீட்டில் பிரிண்டர் இருப்பவர் முதலில் ஓடுவது இதற்குத்தான். 18 மி.மீ. கனசதுரத்தை முழுத் திண்மமாகப் பிஎல்ஏ என்ற பிளாஸ்டிக் இழையில் அச்சிட்டால் ஏறத்தாழ 7.2 கிராம், 24-க்கு 174 கிராம். சொந்தப் பிரிண்டர் என்றால் இழைச் செலவோடு போகும். வெளியே கொடுத்துக் கிராமுக்கு 5 ரூபாய் வாங்கினால் 870 ரூபாய். பகடை ஒன்றுக்கு 36. திருத்தம் வந்தால் மறுபடியும் அதே.

உள்ளே வெற்றிடம் விட்டு எடையைக் குறைத்தால் பகடை உருளாமல் வழுக்கும். முழுத் திண்மமாகவே அச்சிடுங்கள். உருகிய இழை வெளிவரும் துளையான நாசில் 0.4 மி.மீ. என்றால் 0.8 மி.மீ.க்கு மெல்லிய கோடு தெளிவாக வராது, ஆழம் 0.6 முதல் 0.8 வரை. தட்டில் ஒட்டிய அடிமுகம் யானைக்கால் போல் பிதுங்கி, அதிலுள்ள சின்னம் பாதி மூடிப்போகும். பிரிண்டர் மென்பொருளில் 'எலிஃபன்ட் ஃபுட்' திருத்தத்தை 0.2 மி.மீ. வைத்துப் பாருங்கள். பள்ளத்தில் அக்ரிலிக் வண்ணம் நிரப்பி ஈரத்துணியால் துடைத்தால், அடுக்குக் கோடுகளுக்குள் வண்ணம் இறங்கி முகமே அழுக்காகும். முதலில் நிறமில்லாத வார்னிஷ் பூசிவிட்டுப் பிறகு நிரப்ப வேண்டும்.

இழைக்குப் பதில் திரவப் பிசினை ஒளியால் இறுக்கி அச்சிடும் ரெசின் பிரிண்டரில் முகம் கண்ணாடி போல வரும். கூடவே தாங்கு கம்பிகளின் தழும்பு ஒரு முகத்தில், ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் கழுவுவது, புறஊதா ஒளியில் இறுக்குவது, கையுறை, நாற்றம் எல்லாம். பகடைக்கு மட்டும் அந்தப் பாடு தேவையில்லை.

பிரிண்டரைச் சரியாகப் பயன்படுத்தும் வழி வேறு: சின்னத்தை அச்சிடாதீர்கள், பள்ளத்தை அச்சிடுங்கள். 18 மி.மீ. பகடை, ஒவ்வொரு முகத்திலும் 13 மி.மீ. சதுரம், அரை மி.மீ. ஆழம். அதில் 12.5 மி.மீ. ஸ்டிக்கர். கடையில் பள்ளப் பகடை கிடைக்காத குறை தீர்ந்தது, மாற்றும் வசதியும் கையில் இருக்கிறது.

லேசர்

விதிகள் அடங்கி, முகங்கள் மூன்று மாதமாக மாறாமல் இருந்தால் மரக்கட்டையும் லேசரும் அழகான சேர்க்கை. பரிசுப் பொருள், கோப்பை, பெயர்ப்பலகை செய்யும் கடைகளில் கார்பன் டை ஆக்சைடு லேசர் இருக்கும். அவர்கள் காசு வாங்குவது பெரும்பாலும் இயந்திர நேரத்துக்கு. ஒவ்வொன்றாக வைத்து எடுத்தால் நேரம் தின்னும், 3 மி.மீ. எம்டிஎஃப் (மரநார் அழுத்திச் செய்த) பலகையில் 6 × 4 கட்டமாகச் சதுரத் துளைகள் வெட்டிக்கொண்டால் 24-உம் ஒரே ஓட்டத்தில் ஒரு முகம் முடியும். துளை கட்டையைவிட 0.3 மி.மீ. பெரிதாக இருக்கட்டும். முதல் நான்கு முகங்களுக்குக் கட்டைகளை ஒரே திசையில் உருட்டிக்கொண்டே போங்கள், கடைசி இரண்டைத் தனியாகத் திருப்புங்கள். இந்த ஒழுங்கு தவறினால் ஒரே முகத்தில் மீன் மேல் வலை விழுந்து கட்டை வீணாகும். முகத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டிப் பொறித்தால் புகைக்கறை படியாது. லென்ஸ் குவியம் கட்டையின் மேல்முகத்துக்கு வைக்கப்பட்டதா, பலகைக்கா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பிளாஸ்டிக் வெற்றுப் பகடையை லேசருக்குக் கொடுப்பதற்கு முன் அது என்ன பொருள் என்று தெரிந்தாக வேண்டும். அக்ரிலிக் என்றால் சரி. வார்ப்பு அக்ரிலிக்கில் கோடு வெள்ளையாக நன்றாகத் தெரியும். ஏபிஎஸ் உருகி அசிங்கமாகும், நச்சுப்புகையும் வரும். பிவிசி என்றால் வரும் புகை இயந்திரத்தையும் அரிக்கும், மூச்சையும் அரிக்கும். விற்பவரால் சொல்ல முடியாவிட்டால் விட்டுவிடுங்கள்.

மையைப் புறஊதா ஒளியால் உடனே இறுக்கும் யுவி அச்சு, நிறத்தோடு நேரடியாக முகத்தில் அடிக்கும். இதே துளைப்பலகை, இதே ஆறு ஓட்டம். மூன்று பெட்டிக்கு அது அதிகப்படி; ஐம்பது பெட்டி போடும்போது விலை கேட்டுப் பாருங்கள். அச்சுவார்ப்பில் ஆயிரக்கணக்கில் செய்வது மாதிரிக் கட்டத்துக்கே உரியதல்ல. ஆனால் அந்தத் திசையில் போகிறவர்கள் ஒன்றைக் கவனத்தில் வைக்க வேண்டும்: 14 வயதுக்கு உட்பட்டவர்களுக்கான பொம்மைகளுக்கு இந்தியாவில் 2021 ஜனவரி 1 முதல் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) முத்திரை கட்டாயம். பெட்டியில் என்ன வயது போடப்போகிறீர்கள் என்பதைப் பகடைக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன் முடிவு செய்துவிடுங்கள்.

சரியாக உருள்கிறதா?

அக்ரிலிக் பகடைக்கு உப்புநீர்ச் சோதனை உண்டு. 100 மி.லி. வெந்நீரில் 36 கிராம் உப்பைக் கரைத்து, ஆறவிட்டு, பகடையைப் போட்டால் பெரும்பாலும் மிதக்கும். விரலால் சுண்டிச் சுண்டிவிடுங்கள். ஒவ்வொரு முறையும் ஒரே முகம் மேலே வந்து நின்றால் எடை சாய்ந்திருக்கிறது. பிஎல்ஏ பகடை இந்த நீரிலும் மூழ்கிவிடும், பெரும்பாலான மரம் எந்த நீரிலும் மிதக்கும். அவற்றுக்கு உருட்டித்தான் பார்க்க வேண்டும்.

முகங்களுக்குப் பென்சிலில் 1 முதல் 6 வரை எண் போட்டு 120 முறை உருட்டுங்கள். ஒவ்வொன்றும் 20 முறை விழ வேண்டும் என்பது எதிர்பார்ப்பு. விழுந்த எண்ணிக்கைக்கும் 20-க்கும் உள்ள வித்தியாசத்தை வர்க்கப்படுத்தி ஆறையும் கூட்டுங்கள். 221-க்கு மேல் போனால் பகடையைச் சந்தேகிக்கலாம். நல்ல பகடை அப்படிக் காட்ட இருபதில் ஒரு வாய்ப்புதான். உதாரணத்துக்கு 14, 25, 22, 17, 24, 18 என்று வந்தால் கூட்டு 94. கண்ணுக்கு ஏறுமாறாகத் தெரிந்தாலும் பகடை மேல் குறை சொல்ல முடியாது. சந்தேகப்பட்டதை இன்னொரு 120 உருட்டுங்கள். மறுபடியும் அதே முகமே முந்தினால் அந்தக் கட்டையைப் பெட்டியிலிருந்து எடுத்துவிட்டு, உபரியாக வாங்கிய ஆறில் ஒன்றைப் போடுங்கள்.